களை கட்டிய பதினேழாம் துண்டு

எனக்குக் கோபம் வந்தால் வாயில் நல்ல வார்த்தை வராது. தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் பொய் பேசுகிற ஆள் இல்லை என்றும் சொல்வார்கள். முப்பத்தெட்டு வருஷமாக எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிப் பிழைக்கிறேன். தேறாத மோட்டாரைக் கொண்டுவந்து வைத்தால், "இது அவ்வளவுதான்யா, தூக்கிட்டுப் போ" என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவன் பெற்ற மகளிடம் ஒன்றரை வருஷம், வாராவாரம், ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, சொல்லித்தான் ஆக வேண்டும்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தண்டவாளத்தை ஒட்டி நகராட்சிக்கு ஒரு நிலம் இருக்கிறது. வீட்டில் மண் இல்லாதவர்கள் காய்கறி போட்டுக்கொள்ளட்டும் என்று அதை நாற்பது துண்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு துண்டு பத்தடி அகலம், முப்பதடி நீளம். சுற்றிலும் கம்பி வேலி, துண்டுக்குத் துண்டு வேலியில் ஒரு சின்னக் கதவு, ஒரு தகரக் கொட்டகை, நாலு துண்டுக்கு ஒரு குழாய். இதைப் பார்த்துக்கொள்ள ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு செயலாளர். அந்த மனிதர் சட்டைப் பையில் எப்போதும் அளவு டேப் இருக்கும். எதைப் பார்த்தாலும் சர்ரென்று உருவி அளந்துவிடுவார். டேப் என்றுதான் எல்லாரும் சொல்வோம், அவர் முதுகுக்குப் பின்னால்.

துண்டு வேண்டுமென்றால் மனுக் கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். என் மகள் ஏழு வருஷம் காத்திருந்தாள். மனுக் கொடுத்தபோது கல்லூரிப் பெண். துண்டு கிடைத்தபோது கல்யாணமாகி, அது முறிந்து, ஒரே ஒரு பெட்டியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்று நாலு மாதம் ஆகியிருந்தது. அந்த நாலு மாதமும் அவள் பேசியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். தட்டில் போட்டது போட்டபடி இருக்கும். அவளுடைய அம்மா போய்ச் சேர்ந்து இருபது வருஷம். ஒரு பெண்பிள்ளையை எப்படித் தேற்றுவது என்று எனக்கு யார் சொல்லித்தருவது? நான் பட்டறையில் போய் உட்கார்ந்துகொண்டு கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பதினேழாம் துண்டு. பிரித்துப் படித்தவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பொழுது சாய்ந்து திரும்பி வந்தபோது நகமெல்லாம் மண். "அப்பா, பசிக்குது" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அவள் கைக்கு வந்தபோதே அந்தத் துண்டு முழுக்கக் கோரை. தெரியாதவர்கள் அதைப் புல் என்பார்கள். ஒல்லியாக, பளபளவென்று, பரம சாதுவாக நிற்கும். பிடித்து இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்துவிடும். வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டால் நாம்தான் முட்டாள். கிழங்கு உள்ளேயே இருக்கும். கறுப்பாக, கொண்டைக்கடலை அளவில் ஒன்று. அதிலிருந்து நூல் கணக்காக ஒரு வேர் ஓடி அடுத்தது, அதிலிருந்து அடுத்தது. சங்கிலி சங்கிலியாக முழ ஆழத்துக்கு இருக்கும்.

அவள் அதை இரண்டு வருஷத்தில் அடக்கினாள். மருந்து அடிக்கவில்லை, மண்வெட்டி போடவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை போவாள். முளைத்ததை முளைத்த இடத்திலேயே கிள்ளி எடுப்பாள். அஞ்சாவது இலை விட்டால்தான் அது கீழே புதுக் கிழங்கு வைக்குமாம். அதற்குமுன் பிடுங்கிக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கிற கிழங்கு முளைத்து முளைத்து ஓய்ந்துபோகுமாம். "எறும்பு பிடிக்கிற வேலை" என்று நான் கேலி செய்வேன். "நீ காயில் சுத்துறது மட்டும் என்னவாம்?" என்பாள். வாயாடி. மூன்றாம் வருஷம் அங்கே தக்காளியும் பீன்ஸும் காய்த்துத் தொங்கின. டேப்கூட அளக்க மறந்துவிட்டு நின்று பார்த்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகுதான் அவளுக்கு வேலை கிடைத்தது. தொலைவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, ரத்தம் பரிசோதிக்கிற கூடத்தில், இரண்டு வருஷ ஒப்பந்தம். துண்டை என்ன செய்வது? சங்கத்தில் அதற்கு ஒரு விதி உண்டு. வெளியூர் போகிறவர் ஒரு பொறுப்பாளரை எழுதிவைத்துவிட்டு இரண்டு வருஷம் வரை போகலாம். நான் கையெழுத்துப் போட்டேன். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு அவள் என்னிடம் ஒப்புவித்தாள்.

"அப்பா, வாரத்துக்கு ஒரு தடவை போனாப் போதும். முளைச்சதைக் கையால பிடுங்கு, அவ்வளவுதான். வெட்டிடாதே, அறுத்துடாதே. சங்கிலி அறுந்தா உள்ள தூங்கிட்டிருக்கிறது ஒவ்வொண்ணும் முழிச்சுக்கும். காதுல விழுதா?"

"விழுது விழுது. நான் பாக்காத வேலையா? நீ கிளம்பு" என்றேன்.

காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. எனக்கு அப்போது உள்ளுக்குள் கோபம். இங்கே இல்லாத ரத்தமா அங்கே இருக்கிறது? அப்பன் ஒருத்தன் தனியாகக் கிடப்பானே என்று நினைத்தாளா? முதல் மாதம் மூன்று தடவை போனேன். அடுத்த மாதம் ஒரு தடவை. அப்புறம் முழங்காலில் வலி. அப்புறம் பட்டறையில் வேலை நெருக்கடி. அப்புறம் மழை. இப்படியே சாக்குக்கா பஞ்சம்? ஐந்தாம் மாதம் ஒருநாள் போய்க் கதவைத் திறந்தேன். கோரை முழங்கால் உயரத்துக்கு நின்றது. சத்தம் போடாமல் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, தோட்டம் எப்படி இருக்கு?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை, தோட்டம்தான் முதலில். "உன் தோட்டமா? நல்லா களை கட்டியிருக்கு, போ!" என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன். களை மண்டிக் கிடக்கிறது, உனக்கு வேண்டுமென்றால் வந்து பார்த்துக்கொள் என்று அர்த்தம். அவள் சண்டைக்கு வருவாள், நானும் நாலு வார்த்தை கேட்பேன், அப்புறம் இரண்டு பேருமாக ஏதாவது வழி பார்க்கலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு.

அவள் சிரித்தாள். "நிஜமாவாப்பா? அப்படிக் களை கட்டியிருக்கா?"

கல்யாண வீடு களை கட்டும், கடைத்தெரு களை கட்டும் என்போமே, அந்தக் களையாக எடுத்துக்கொண்டாள் என் மகள். "இங்க ஜன்னலே இல்லாத ரூம்ப்பா. நாள் பூரா ட்யூப்லைட் வெளிச்சம். நீ சொல்றதைக் கேட்டா கொஞ்சம் மூச்சு வருது" என்றாள். குரலில் அத்தனை சந்தோஷம். நான் வாயைத் திறந்தேன். அடியே, நான் சொன்னது அந்தக் களை இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. "ம்" என்றேன்.

அடுத்த வாரம் கேட்டாள். களை கட்டியிருக்கு என்றேன். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொல்கிறேன், அவள் தப்பாக எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வது என்று எனக்கே நான் வக்காலத்து வாங்கினேன். மோட்டாரைக் கழற்றிப் பார்க்காமலே நன்றாக இருக்கிறது என்று சொல்கிற மெக்கானிக்கை நான் என்னவென்றெல்லாம் திட்டியிருக்கிறேன்! நான் அவனைவிடக் கேவலம்.

ஒருநாள் போனில், "அப்பா, அடுத்த மாசம் கடைசியில வந்துடுவேன். நீட்டிக்கச் சொல்றாங்க, நான் முடியாதுன்னுட்டேன். எனக்கு அந்தத் துண்டு போதும்ப்பா. அதை நெனச்சுக்கிட்டுத்தான் ரெண்டு வருஷத்தை ஓட்டினேன்" என்றாள். அதே வாரம் சங்கத்துக் கடிதமும் வந்தது. இன்ன தேதியில் பார்வையிட வருவோம், மூன்றில் இரண்டு பங்கு பயிர் செய்யும் நிலையில் இல்லாவிட்டால் துண்டு அடுத்தவருக்குப் போகும். எண்ணிப் பார்த்தேன். சங்கம் வருவதற்கு மூன்று வாரம். அதன் பிறகு பன்னிரண்டு நாளில் மகள்.

பூட்டு துருப்பிடித்து எண்ணெய் விட்டும் திறக்கவில்லை. கடைசியில் ரம்பத்தால் அறுத்தேன். உள்ளே போனால் எங்கே பாத்தி, எங்கே வரப்பு என்று ஒன்றும் தெரியவில்லை. பீன்ஸ் படர அவள் ஊன்றிய குச்சிகள் உளுத்துச் சாய்ந்து கிடந்தன. நடைபாதைக்கு அவள் விரித்திருந்த கறுப்புப் பிளாஸ்டிக் தாளைக் கோரை ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு மேலே வந்திருந்தது. அவளுடைய நீல வாளியின் அடியில் ஒரு விரிசல் இருந்தது. அது வழியாகவும் நாலு கோரை நுழைந்து, வாளிக்குள்ளே கம்பீரமாக நின்றன. பிளாஸ்டிக்கையே துளைத்துவிட்டு வருகிற ஜந்துவோடு முழங்கால் வலிக்காரன் என்ன போராடுவது?

"என்ன அண்ணே, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றது பக்கத்துத் துண்டிலிருந்து ஒரு குரல்.

பதினெட்டாம் துண்டுக்காரி. தபால்காரம்மா. முப்பது வருஷம் பை தூக்கித் தூக்கி வலது மணிக்கட்டு வீங்கிப்போய், அதில் எப்போதும் ஒரு துணி சுற்றியிருக்கும். அந்தக் கையோடு அவள் வைத்திருந்த துண்டைப் பார்க்க வேண்டும். சலித்தெடுத்த மாவு மாதிரி மண். வெங்காயம் எடுத்து முடித்து, அடுத்த விதைப்புக்குக் காலியாக வைத்திருந்தாள். என் பக்கத்துக் கோரை தன் பக்கம் வந்துவிடக் கூடாதென்று நடுவில் ஒரு முழ ஆழத்துக்குத் தகரம் புதைத்து, இரண்டு வருஷமாகக் காவல் காத்தவள். ஒருநாள்கூடச் சங்கத்தில் என்னைப் பற்றிப் புகார் சொன்னதில்லை.

"பாப்பா வருதாமே? எனக்கும் போன் பண்ணிச்சு. தோட்டம் களை கட்டியிருக்குன்னு அப்பா சொன்னாருன்னுச்சு" என்றாள். என் முகத்தில் ஈயாடவில்லை. அவள் என்னையே பார்த்தாள். "நான் ஒண்ணும் சொல்லலை அண்ணே. அது உங்க ரெண்டு பேர் விஷயம்."

ஐந்து நாள் கையால் பிடுங்கினேன். காலையில் ஐந்து மணி நேரம், வெயில் தாழ்ந்து மூன்று மணி நேரம். ஐந்து நாளில் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம் தெரிந்தது. ஆறாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், முதல் நாள் பிடுங்கிய இடத்தில் மூன்று விரல் உயரத்துக்குப் பச்சையாக நிற்கிறது. போன வேகத்தில் அங்கேயே உட்கார்ந்தேன். அழுதேன். ஆமாம், அழுதேன். அறுபத்து நாலு வயதில் கோரைக்கு முன்னால் குந்தி அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அன்றைக்காவது போனை எடுத்து, பாப்பா, இப்படி ஆகிப்போச்சு என்று சொல்லியிருக்க வேண்டும். எடுத்தேன், எண்ணைப் பார்த்தேன், வைத்துவிட்டேன்.

பட்டறையில் ஒரு உழவு மெஷின் ரிப்பேருக்கு வந்து நின்றது. கையால் தள்ளிக்கொண்டு போகிற சின்ன மெஷின். அடியில் வளைந்த கத்திகள் சுழன்று மண்ணைப் புரட்டும். தோட்டக் கான்ட்ராக்டர் ஒருத்தருடையது. எஞ்சினைச் சரிசெய்து ஓடவிட்டேன். கத்திகள் சுழல்வதைப் பார்த்ததும் என் மூளைக்கு ஒரு யோசனை வந்தது பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. கிழங்கைப் பிடுங்குவானேன்? அரைத்தே போட்டுவிட்டால் எது முளைக்கும்? எந்திரத்தை நம்பிப் பிழைத்தவனுக்கு வேறு எப்படி யோசனை வரும்? வெட்டாதே, அறுக்காதே என்று பஸ் நிறுத்தத்தில் அவள் சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. அவளுக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும் என்று தள்ளிவிட்டேன்.

கான்ட்ராக்டரிடம் ஒருநாளைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பதினேழாம் துண்டில் இறக்கினேன். அடேயப்பா! மூன்று மணி நேரத்தில் கோரை இருந்த இடம் தெரியவில்லை. குறுக்கே ஒரு ஓட்டு, நெடுக்கே ஒரு ஓட்டு. மண் பொலபொலவென்று புரண்டு, கறுத்து, புதுசாகக் கிடந்தது. தழையை வாரி வேலிக்கு வெளியே கொட்டிவிட்டுப் பாத்தி போட்டேன். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்த உலகத்தில் என்னை விஞ்ச ஆள் இல்லை என்று ஒரு மிதப்பு.

அந்த மிதப்பில்தான் தபால்காரம்மாவைப் பார்த்தேன். வீங்கிய கையால் அவள் விதைப்புக்கு மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தாள்.

"தள்ளு தங்கச்சி. ரெண்டு ஓட்டு ஓட்டிக் குடுத்துடறேன். உனக்கு ரெண்டு நாள் வேலை, எனக்குப் பத்து நிமிஷம்."

"வேண்டாம் அண்ணே, நானே மெதுவாப் பண்ணிக்குவேன்."

"அட, சும்மா இரு. ரெண்டு வருஷமா என்னால உனக்குத் தொல்லை. இதாவது செய்யறேன்."

அவள் தயங்கினாள். கையைப் பார்த்துக்கொண்டாள். "கத்தியைக் கழுவிட்டீங்களா அண்ணே?" என்றாள்.

"மண்ணை ஓட்டப் போறதுக்கு எதுக்குக் கழுவறது? அங்கயும் மண்ணு, இங்கயும் மண்ணு" என்று சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டாள், பாவம். ஒதுங்கி நின்றாள். ஈர மண்ணும் வேரும் அப்பிக் கிடந்த கத்திகளோடு, அவள் புதைத்த தகரத்தைத் தாண்டி, நானே என் கையால் மெஷினை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன்.

மறுநாள் சங்கத்திலிருந்து வந்தார்கள். டேப் உள்ளே காலை வைத்ததும் புருவத்தை உயர்த்தினார். நீளம் அளந்தார், அகலம் அளந்தார், பாத்தி போட்டிருந்ததையும் அளந்தார். "ஆள் அசாத்தியமான ஆளுதான் சார் நீங்க! போன மாசம் வேலி வழியாப் பாத்தப்ப நம்பிக்கையே இல்லை" என்றார். நோட்டில் ஏதோ எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். துண்டு தப்பித்தது. அன்றைக்கு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பீன்ஸ் விதை வாங்கி ஊன்றினேன். எரு போட்டேன். காலையும் மாலையும் குழாயைப் பிடித்துத் தாராளமாகத் தண்ணீர் விட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் களை கட்டியிருக்கு என்று சொன்னபோது முதல் தடவையாக நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன்.

எட்டாம் நாள் பீன்ஸ் முளை விட்டிருக்கும் என்று ஆசையாகப் போனேன். முளை விட்டிருந்தது. பீன்ஸ் இல்லை. வரிசை, பாத்தி, வரப்பு, ஒரு இடம் பாக்கியில்லை. முன்னாலாவது கொத்துக் கொத்தாகத்தான் இருந்தது. இப்போது விரல் வைக்க இடமில்லாமல், பாய் நெய்தாற்போல் நெருக்கமாக, ஊசி ஊசியாக நின்றது. எத்தனை சங்கிலியை அறுத்தேனோ, அத்தனை கிழங்கும் முழித்துக்கொண்டுவிட்டன. நான் போட்ட எருவைத் தின்று, நான் விட்ட தண்ணீரைக் குடித்து வந்தவை. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் பக்கத்துத் துண்டில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். மண்ணில் அப்படியே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிலும், மெஷின் போன தடத்தில், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை ஊசிகள்.

"பதினோரு வருஷம் அண்ணே" என்றாள். "பதினோரு வருஷமா ஒரு கோரை வந்தது கிடையாது இங்க."

திட்டும்மா, வாயில் வந்தபடி திட்டு என்றேன். அவள் மணிக்கட்டுத் துணியை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக்கொண்டாள். அவ்வளவுதான்.

நாலு நாள் கழித்து மகள் வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கினதும் பெட்டியைக்கூட வீட்டில் வைக்கவில்லை. "முதல்ல அங்க போலாம்ப்பா" என்றாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அந்த மூலையில் இதைப் போடணும், இந்த மூலையில் அதைப் போடணும் என்று. முகம் வெளுத்துப்போயிருந்தது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் இருந்த முகம். நான் தெருமுனையில் சொல்லலாம் என்று நினைத்தேன். தண்டவாளத்தைத் தாண்டும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். தண்ணீர்த் தொட்டி வந்துவிட்டது. கதவையும் அவளே திறந்துவிட்டாள்.

பெட்டியைக் கீழே வைத்தாள். மெதுவாக உள்ளே போய் மண்டியிட்டாள். விரலை மண்ணுக்குள் விட்டு ஒன்றை வேரோடு தூக்கினாள். கிழங்கு ஒன்று, அதிலிருந்து வெள்ளையாக ஒரு நூல், அதன் நுனியில் இன்னொரு பிஞ்சுக் கிழங்கு. இலையை எண்ணினாள். நானும் கூடவே மனதுக்குள் எண்ணினேன். ஆறு.

"மெஷின் விட்டியா?" என்றாள்.

"ஆமா."

"எப்பலேருந்துப்பா இப்படி இருக்கு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்தாம் மாதத்திலிருந்து நேற்று வரைக்கும்.

"அப்போ நீ வாராவாரம் சொன்னியே, களை கட்டியிருக்குன்னு. இந்தக் களையைத்தான் சொன்னியா?" என்றாள். எப்பேர்ப்பட்ட வாயாடி, ஒரு சின்னச் சிரிப்பாவது வரும், நறுக்கென்று ஒரு வார்த்தையாவது வரும் என்று பார்த்தேன். வரவில்லை. "முதல் வாரமே சொல்லியிருந்தா லீவு போட்டுட்டு ரெண்டு நாள் வந்திருப்பேன். ரெண்டு நாள் வேலைப்பா அது அப்போ" என்றாள். பிறகு எழுந்து பக்கத்துத் துண்டைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

டேப் வந்து அளந்து பார்த்துவிட்டு விதியைச் சொன்னார். பக்கத்துத் துண்டுக்குக் களை போயிருந்தால், இரண்டையும் இந்தப் பருவத்துக்குள் சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இரண்டுமே போகும். தபால்காரம்மா சாதாரணமாகத்தான் நின்றாள். வீங்கிய கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுதான் முடியும் சார்" என்றாள் என் மகள். "அவங்களுது புதுசா வந்தது. இன்னும் ஆழமாச் சங்கிலி வைக்கலை. சலிச்சு எடுத்துடலாம். என்னுதைச் சங்கத்துக்கே எழுதிக் குடுத்துடறேன்."

"பாப்பா, அவசரப்படாதே. ஏழு வருஷம் காத்திருந்து..." என்று தபால்காரம்மா ஆரம்பித்தாள்.

"தெரியும் அக்கா" என்றாள். டேப் நீட்டின தாளில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

பதினேழாம் துண்டை அடுத்தவருக்குக் கொடுக்கவில்லை. இந்தக் கோரையை எவர் தலையில் கட்டுவது என்று சங்கத்தில் பேசினார்களாம். ஜல்லி கொட்டி, மேலே சிமென்ட் போட்டுவிட்டார்கள். தண்ணீர் லாரி நிறுத்துகிற இடம் இப்போது அது. ஜல்லி இறக்கின அன்று அவள் அங்கேதான் இருந்தாள், அடுத்த துண்டில் குனிந்து வேலை செய்துகொண்டு. ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. நேரத்துக்குச் சமைக்கிறாள். என் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறாள். சாப்பிடும்போது கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். காலையில் வாளியும் முறமும் எடுத்துக்கொண்டு போகிறாள், மத்தியானம் வருகிறாள். சண்டைதான் இல்லை. நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். உப்பு இல்லை என்றேன், எதிர்த்த வீட்டுக்காரனைத் திட்டினேன், வேண்டுமென்றே பட்டறைக் கரியோடு அவள் துவைத்து வைத்த துண்டில் முகம் துடைத்தேன். முன்பென்றால் வீடு இரண்டுபட்டிருக்கும். உப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். வேறு துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

போன வாரம் பட்டறையில் உட்கார்ந்து இரண்டு சல்லடை செய்தேன். நல்ல கம்பி வலை, ஓரத்துக்கு மரச்சட்டம், ஒருத்தர் கைக்கு அடங்குகிற அளவு. கிழங்கு மேலே தங்கும், மண் கீழே போகும். மூன்று நாள் வேலை அது. தூக்கிக்கொண்டு பதினெட்டாம் துண்டுக்குப் போனேன். அவளும் தபால்காரம்மாவும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து விரலால் துழாவிக்கொண்டிருந்தார்கள். ஒன்றை அவர்கள் பக்கம் வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு நானும் மெதுவாக மண்டியிட்டு உட்கார்ந்தேன். முழங்கால் உயிர் போயிற்று. பரவாயில்லை என்று ஒரு கைப்பிடி மண்ணை அள்ளினேன்.

"நீங்க கை வைக்க வேண்டாம். நாங்க பாத்துக்கறோம்" என்றாள் என் மகள்.

பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதான் பேசியிருக்கிறாள். அதனால் என்னைச் சொல்கிறாள் என்றே எனக்குத் தோன்றவில்லை. டேப் வந்து பின்னால் நிற்கிறார் போலிருக்கிறது, அவரைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.